இங்க மடிச்சு வச்சுக்கோ

அதனால தம்பி, வண்டி வாடகையக் கேட்டதுமே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடாத, அது வெறும் ஆரம்பம்தான், மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னாடி வரிசையா நிக்குது. நேத்துலேருந்து உனக்கு மனசுக்குள்ளயே கடிதம் எழுதிக்கிட்டு இருந்தேனா, பேனாவ எடுத்ததும் பாதியிலேருந்து வந்துடுச்சு. இரு, முறையாவே ஆரம்பிக்கிறேன். அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மாமாவும் இறைவன் அருளால் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கு நீயும், உன் மனைவியும், மருந்துக்கடையும், உன் வயிறும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன். வயிற்றுக்கு மட்டும் தனியாக இரண்டாவது தடவை வேண்டுகிறேன், ஏன்னா மருந்துக்கடைக்காரனுக்கே வயிறு சரியில்லேன்னா சாமிதான் பாக்கணும், வேற யாரு பாப்பாங்க. போன தடவ நான் எழுதின ஆறு பக்கக் கடிதத்துக்கு உன் பொண்டாட்டிதான் வரிக்கு வரி பதில் போட்டா. உன்னக் கேட்டா அந்தக் கடிதம் வந்ததே தெரியாதுன்னுட்ட. இந்தத் தடவையாவது நீயே உட்கார்ந்து படி, இது நீ கேட்டு எழுதுறது.

நீ போன்ல குசுகுசுன்னு பேசினது எனக்கு ஒவ்வொரு வார்த்தையா ஞாபகம் இருக்கு. "அக்கா, கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சாம், உங்கள மாதிரியே வெளிநாட்டுக்குப் போயி மேடு பள்ளத்துல ஜீப் ஓட்டணுமாம், ஒத்தக் கால்ல நிக்கிறா. நான் வேண்டாம்னா கஞ்சன்னு சொல்லுவா. நீ போயிட்டு வந்தவ, நீ சொன்னா நம்புவா. செலவு, கஷ்டம் எல்லாத்தையும் ஒரு கடிதமா எழுது. படிச்சு முடிச்சதும் அவளே வேண்டாம்னு சொல்லணும்." பொய் எழுதச் சொல்றியாடான்னு கேட்டேன். "பொய் வேண்டாங்க்கா, பயமா இருந்தாப் போதும்"ன்ன. உனக்கு மூணு வயசுல குடை விரிஞ்ச சத்தத்துக்கே பயந்து என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்ச, இன்னைக்கும் அதே முதுகுதான் உனக்கு வேணும். சரி, நான் சாமிக்குப் பயந்தவ, பொய் ஒரு வரி எழுத மாட்டேன், ஆனா பயத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, வேண்டிய அளவு கைவசம் இருக்கு. இதுவரைக்கும் எழுதினத அவ பாக்கக் கூடாது. கீழ கோடு போட்டிருக்கேன் பாரு, இங்க மடிச்சு வச்சுக்கோ. கோட்டுக்குக் கீழ அவ படிக்கலாம்.

– – – – – – – –

முதல்ல நாங்க போனதே தற்செயல். அது எங்களுக்காகப் போட்ட பயணம் இல்ல, மகனும் மருமகளும் போறதுக்குப் போட்டது. கூரை மேல கூடாரம் வச்ச பெரிய வண்டி, ஒன்பது நாளு, ரோடு இல்லாத இடமாப் பாத்துப் போறது. ரோடு இருக்குற இடத்துல போனா காசு கம்மியாம், இல்லாத இடத்துல போறதுக்குத்தான் ஜாஸ்தியாம், அந்த ஞாயம் எனக்கு இன்னும் விளங்கல. எட்டு மாசம் முன்னாடியே பணத்தக் கட்டிட்டாங்க. அப்புறம் பாத்தா மருமகளுக்கு மூணு மாசம். டாக்டரம்மா, "வேகத்தடை மேலயே மெதுவாப் போங்கன்னு சொல்றேன், நீங்க பாறை மேல ஏத்துறேங்கறீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. வேண்டாம்னு எழுதிப் போட்டா வாடகையில கால்பங்குதான் திரும்ப வருமாம். ஓட்டுறவரு பேர மாத்துறதுக்குச் சின்னதா ஒரு கட்டணம்தானாம். மகன் ரெண்டு நாள் யோசிச்சுட்டு மூணாம் நாள் சாப்பிடும்போது தட்டப் பாத்துக்கிட்டே, "அப்பா, நீங்க ஓட்டுறீங்களா"ன்னு கேட்டான். எனக்குக் கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுடுச்சு.

உன் மாமாவப் பத்தி உனக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் உன் பொண்டாட்டியும் படிக்கட்டும். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டினவரு. கடைசி ரெண்டு வருஷம் கண்ணுல புரை விழுந்துடுச்சுன்னு வண்டியிலேருந்து இறக்கி, டிப்போ ஆபீஸ்ல உட்கார வச்சு, எந்த பஸ் எத்தன மணிக்குப் போச்சுன்னு எழுத விட்டாங்க. ஆபரேஷன் ஆச்சு, கண்ணு நல்லாத் தெரியுதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, ஆனா அதுக்குள்ள ரிட்டயர் ஆயாச்சு. டிப்போ ரெண்டும் ரிட்டயர் ஆன ரெண்டும் சேத்து நாலு வருஷமா எந்த வண்டிச் சாவியையும் தொடல. ஜன்னலோரமா நாற்காலியப் போட்டுக்கிட்டு தெருமுனையில திரும்புற பஸ்ஸப் பாப்பாரு, வாட்சப் பாப்பாரு, "நாலு நிமிஷம் லேட்"டும்பாரு. ஒரு நாளைக்கு அவரு வாயிலேருந்து வர்ற பேச்சு அவ்வளவுதான். சாப்பாட்டுல உப்பு இல்லேன்னாக் கூடச் சொல்றதில்ல. நானே ரெண்டு தடவ வேணும்னே போடாமப் பாத்தேன், தட்ட வழிச்சுச் சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டாரு. அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட மகன் கேட்டான். மறுநாள் காலையில பாத்தா மழமழன்னு சவரம் பண்ணிக்கிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோட, வெளிநாட்டுல ஓட்டுறதுக்கான லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்கப் போயிருக்காரு. நாலு காப்பி கேட்டா எட்டு காப்பி எடுத்துட்டு வந்திருந்தாரு.

இப்ப செலவச் சொல்றேன், அவள உட்கார வச்சு, பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணிய வச்சுட்டுப் படிக்கச் சொல்லு. விமான டிக்கெட்டுல பேர மாத்த முடியாது, எங்க ரெண்டு பேருக்கும் புதுசாத்தான் வாங்கணும்னுட்டாங்க, பேரப்பிள்ளை வர்ற சந்தோஷத்துல மகன் வாங்கிட்டான், சந்தோஷம் இல்லாத சமயமா இருந்தா வாங்கியிருக்க மாட்டான். வண்டிக்கு ஒரு நாள் வாடகைங்கிறது உன் கடையில ஒரு வாரத்து லாபம். மழைக்காலம்னா பாதிதானாம், ஆனா மழைக்காலத்துல பாதையே இருக்காதாம், அப்ப எதுக்குப் பாதி கொடுக்கணும்னு நீயே கேட்டுக்கோ. அது போக முன்பணம்னு பெருசா ஒரு தொகைய கார்டுல நிறுத்தி வச்சுக்குவாங்க. அத அவங்களும் எடுக்க மாட்டாங்க, நம்மளாலயும் எடுக்க முடியாது, கல்யாண மண்டபத்துல நாற்காலி மேல கைக்குட்டையப் போட்டு இடம் பிடிச்சு வச்ச மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும். அடுத்தது காப்பீடு. எல்லாத்துக்கும் உண்டுன்னு வாடகைக்காரர் மலர்ந்த முகமாச் சொன்னாரு. அப்புறம் எதுக்கெல்லாம் இல்லேங்கிறத வாசிச்சாரு பாரு, டயருக்கு இல்ல, கண்ணாடிக்கு இல்ல, கூரைக்கு இல்ல, அடிப்பக்கத்துக்கு இல்ல, தண்ணியில இறங்கினா இல்ல, மணல்காத்துல பெயிண்ட் உரிஞ்சா இல்ல, பொழுது சாஞ்சப்புறம் ஓட்டினா எதுக்குமே இல்ல. மகன் என் போன்ல மொழி மாத்திச் சொல்றதுக்கு ஏதோ போட்டுக் கொடுத்திருந்தான், அதுகிட்ட, "அப்ப மிச்சம் என்னதான் இருக்கு"ன்னு கேளுன்னேன். அந்த மனுஷன் கொஞ்ச நேரம் வண்டியச் சுத்திப் பாத்துட்டு ஏதோ சொன்னாரு. போன், "ஸ்டீயரிங்"குன்னுச்சு. டயரும் கண்ணாடியும் வேணும்னா தினமும் தனியாக் கட்டணுமாம், கட்டினோம். கட்டாம இருந்துடாத, அஞ்சு டயர்ல ரெண்டு போச்சு எங்களுக்கு.

டீசல் அந்த வண்டி குடிக்கிற குடி இருக்கே, நான் அதப் பத்தி எழுதினா உனக்கு ராத்திரி தூக்கம் வராது. அரை டேங்க் இருந்தாலும் பம்பு கண்ணுல பட்டா நிறுத்தி நிரப்பிக்கணும், அடுத்த பம்பு எங்க இருக்கும், அதுல டீசல் இருக்குமான்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கார்டு செல்லாத இடம் பாதிக்கு மேல, சில்லறை நோட்டா மாத்தி வச்சுக்கணும், நான் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள்ள பக்கத்துக்கு ஒண்ணா வச்சிருந்தேன், காட்டு வாசல்ல கட்டணம் கேட்டா ஒரு பாட்டுப் பாடிட்டுத்தான் கொடுக்க முடிஞ்சுது. சிக்னல் இல்லாத இடத்துக்குன்னு செங்கல் மாதிரி ஒரு போன், அதுக்கு நாள் வாடகை, பேசினா நிமிஷக் கணக்கு, நான் பேசுற பேச்சுக்கு அது கட்டுப்படியாகாதுன்னு மகன் அத உன் மாமா கையில கொடுத்துட்டான். கூடாரத்துக்கு ஏறுறது ஏணி வழியா. என் முட்டிய உனக்குத் தெரியும். ஏற நாலு தடவ சாமியக் கூப்பிடணும், இறங்க எட்டு தடவ. மணல் வந்தா நாலு டயர்லயும் காத்தப் பாதியா இறக்கணும், கெட்டித் தரை வந்தா குந்தி உட்கார்ந்து ஒவ்வொண்ணுக்கா பம்பு வச்சு ஏத்தணும், இது ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. சிக்கிக்கிட்டா மம்பட்டியால தோண்டி, டயருக்கு அடியில பலகை மாதிரி ஒண்ணு வச்சு எடுக்கணும். கழிவறை கேட்டியானா, தோண்டுற அதே மம்பட்டிதான். இத உன் பொண்டாட்டிக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டு.

கிளம்புன அன்னைக்கே சோதனை. வாடகைக்காரர் எல்லாத்தையும் விளக்கி, எப்படி ஓட்டணும்னு போட்ட ஒரு புத்தகத்தையும் சாவியையும் கொடுத்தாரு. நான் முன் சீட்டுல ஏறப் போனேன், "டிரைவர்கிட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாது, பின்னாடி போ"ன்னுட்டாரு உன் மாமா. பின்னாடி உட்கார்ந்தேன், கையோட கொண்டு போன சாமி படத்த அவரு முன்னாடி இருக்குற பலகையில பசை தடவி ஒட்டச் சொன்னேன், ஒட்டினாரு. எஞ்சின ஸ்டார்ட் பண்ணாரு. பண்ணிட்டு உட்கார்ந்திருந்தாரு. அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்து நிமிஷம் ஆச்சு, வண்டி உறுமிக்கிட்டே நிக்குது. வாடகைக்காரர் ஓடி வந்து குனிஞ்சு பாக்குறாரு, கியரக் காட்டுறாரு, பிரேக்கக் காட்டுறாரு, உன் மாமா தலைய மட்டும் ஆட்டுறாரு, கண்ணு முழுக்க மேல இருக்குற கண்ணாடியில. நாலு வருஷத்துல மறந்தே போயிடுச்சு போலன்னு நெனச்சேன். அப்புறம்தான் அந்தக் கண்ணாடியில அவரு என்னப் பாக்குறாருன்னு புரிஞ்சுது. அவரு வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பின்னாலேருந்து குரல் வர்றதுக்குள்ள வண்டிய எடுத்து, படிக்கட்டுல ஒரு கால் வச்சிருந்த ஒரு அம்மா கீழ விழுந்து தோள்பட்டை விலகிடுச்சுன்னு சொல்லுவாரே, அன்னையிலேருந்து பின்னால இருந்து ஒரு ஆள் சொல்லாம அவரு ஒரு அடி எடுத்ததில்ல. நான் தொண்டையச் செருமிக்கிட்டு, "ரைட்"டுன்னேன். வெண்ணெயில கத்தி இறங்குன மாதிரி வண்டி நகந்துச்சு. வாடகைக்காரர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பாத்தாரு, அவரு கொடுத்த புத்தகத்துல இது எந்தப் பக்கத்துலயும் இல்ல.

அதுக்கப்புறம் ஒன்பது நாளும் நான் கண்டக்டர்தான். வழியில யாராவது நின்னா போதும், ஆடு மேய்க்கிறவரு, பாதை போடுறவரு, யாரா இருந்தாலும் அவங்க முன்னாடி போயி கரெக்டா நிறுத்திடுவாரு. அவங்க உள்ள எட்டிப் பாப்பாங்க, நான் சிரிப்பேன், யாரும் ஏறலேன்னா ரைட் சொல்லுவேன். நாலாம் நாள் ஒரு அம்மா கையில மூட்டையோட நின்னாங்க, நிறுத்தினதும் ஏறி என் பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க. அவங்க பேச்சு எனக்குப் புரியல, என் பேச்சு அவங்களுக்குப் புரியல, அதனால ரெண்டு பேரும் நிறுத்தாமப் பேசிக்கிட்டே போனோம். என் முட்டிக்கு என்ன தடவணும்னு கூடக் கையால சொன்னாங்க. இறங்குற இடம் வந்ததும் இறங்கி, கதவச் சாத்தி, வண்டி மேல கையால டொக் டொக்குன்னு ரெண்டு தட்டு தட்டினாங்க. நான் வாயத் தொறக்கல தம்பி, வண்டி கிளம்பிடுச்சு. உன் மாமாவுக்கு அது போதும் போல. எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு, நாலு நாள் கத்துனவ நானு. ஆனா அந்த நாலு நாளும் அவரு என்கூடப் பேசினது மொத்தமாப் பத்து வார்த்தை இருக்காது. வண்டிகிட்ட பேசினாரு, கியருகிட்ட பேசினாரு, பெட்ரோல் பம்புக்காரர்கிட்ட கூட ஏதோ பாஷையில பேசினாரு. என்கிட்ட இல்ல. அதுதான் உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

ஆத்துல நடந்தத உன் பொண்டாட்டி கட்டாயம் படிக்கணும், இருக்குற பயத்துலயே பெரிய பயம் அதுதான். ஆறாம் நாள் ஒரு ஆறு. தண்ணி கணுக்காலுக்குத்தான், அகலம் மட்டும் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கும், நடுவுல மணல் திட்டு. தண்ணியில வண்டிய இறக்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் நடந்து ஆழம் பாக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. டிரைவர் சீட்ட விட்டு இறங்கக் கூடாதாம், அப்ப அந்த ஒருத்தர் யாரு, நான்தான். செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு, குச்சியால குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே அக்கரை வரைக்கும் போயிட்டு வந்து ஏறி, ரைட் சொன்னேன். பாதி தூரம் வந்தோம், மணல் திட்டு மேல ஒரு மாடு. நிறுத்தினாரு. மாடு எங்களப் பாத்துச்சு, அசை போட்டுச்சு, அப்புறம் மெதுவா வழிய விட்டு நகந்துச்சு. நான் ரைட்டுன்னேன். எடுக்கல. மறுபடி ரைட்டுன்னேன். எடுக்கல. ஆறு நாள் புகைச்சல் எல்லாம் சேந்து என் நாக்குல ஏறி உட்கார்ந்துச்சு. "அதான் மாடு போயிடுச்சே, கண்ணு தெரியலையா உங்களுக்கு"ன்னுட்டேன்.

அவரு எஞ்சின நிறுத்தினாரு. ரெண்டு கையையும் ஸ்டீயரிங்லேருந்து எடுத்துத் தொடை மேல வச்சுக்கிட்டாரு, டிப்போ ஆபீஸ்ல உட்கார்ந்திருப்பாரே அந்த மாதிரி. அப்பத்தான் மாடு நின்ன இடத்துக்குப் பின்னாலேருந்து, வண்டி மூக்குக்கு அடியில, ஒரு கன்னுக்குட்டி கால உதறிக்கிட்டே எழுந்து நடந்து போச்சு. எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தப்பு என் மேலேன்னு தெரிஞ்சா எனக்குக் கோபம் இன்னும் ஏறும், அது உனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். எட்டி அந்தச் சாமி படத்து மேல கைய வச்சு, அவரு முதல்ல பேசாம நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு மனசுக்குள்ள சத்தியம் பண்ணிட்டு, பின் கதவத் தொறந்து ஒரு கால வெளியில வச்சேன், நடந்தே கரைக்குப் போயிடலாம்னு. கால் வச்ச இடத்துல தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. நான் நடந்து பாத்தப்ப கணுக்காலுக்குத்தான் இருந்துச்சு. நிமிந்து பாத்தா தண்ணி டீ நிறத்துல ஓடுது, சுள்ளியும் சருகும் மிதந்து வருது. எங்க தலைக்கு மேல சுள்ளுன்னு வெயிலு, ஆனா எங்கயோ மலையில மழை பேஞ்சிருக்கு, அதுவும் புத்தகத்துல போட்டிருந்துச்சு, அந்தப் பக்கத்துலதான் நான் பிரார்த்தனைப் புத்தகத்துல இடம் போதாத சில்லறை நோட்ட வச்சிருந்தேன்.

அவரும் பாத்துட்டாரு. எஞ்சின் ஸ்டார்ட் ஆச்சு. ஆனா வண்டி நகரல. நான் ஏறிக் கதவச் சாத்திட்டேன், தண்ணி இரைச்சல்ல அது அவருக்குக் கேட்டுச்சோ இல்லையோ. கண்ணாடியில பாக்குறாரு, நான் ஓரமா ஒண்டிக்கிட்டு இருந்தேன், கண்ணாடியில விழல. வாயத் தொறந்தா சத்தியம் போச்சு, தொறக்கலேன்னா ரெண்டு பேரும் போயிடுவோம். அப்ப கூட வாயத் தொறக்க மனசு வரல பாரு தம்பி, சாமிக்குப் பயந்தா இல்ல வீம்பான்னு அந்தச் சாமிக்கே தெரியும். அப்பத்தான் மூட்டை வச்சிருந்த அந்த அம்மா ஞாபகம் வந்தாங்க. மடியில எவர்சில்வர் தண்ணி பாட்டில் இருந்துச்சு. அத எடுத்து ஜன்னலுக்கு வெளியில கைய நீட்டி, கதவு மேல டங் டங்குன்னு ரெண்டு போட்டேன். உன் மாமா எடுத்தாரு பாரு, கியர மாத்தல, நிறுத்தல, வேகத்தக் கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல, நெறமாச கர்ப்பிணிய ஏத்திக்கிட்டுப் போற மாதிரி ஒரே சீரா அந்தத் தண்ணியக் கிழிச்சுக்கிட்டு அக்கரை ஏத்திட்டாரு. ஏறி நின்னு திரும்பிப் பாத்தோம். மணல் திட்டு இருந்த இடமே தெரியல. மாடும் கன்னும் அந்தப் பக்கக் கரையில நின்னு எங்களப் பாத்துக்கிட்டிருந்துச்சுங்க, அந்த மட்டும் தெய்வம் இருந்துச்சு.

உன் மாமா வாட்சப் பாத்தாரு. "பதினோரு நிமிஷம் லேட்"டுன்னாரு.

அவரு முதல்ல பேசிட்டாரு, என் சத்தியம் காப்பாத்தப்பட்டுச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. "ஏங்க, தண்ணி அப்படி ஏறுது, நான் சொல்லலேன்னா என்ன, நீங்களே எடுத்திருக்கலாமே"ன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. "நீ ஏறிட்டியா இல்லையான்னு தெரியாம எப்படி எடுக்கறது"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "கன்னுக்குட்டி படுத்திருந்துச்சு, நீ பாக்கல"ன்னாரு. அதுக்கு மேல அவரப் பிடிச்சு நிறுத்த முடியல தம்பி. மூணு மணி நேரம் பேசினாரு. டிப்போ ஆபீஸ்ல அந்த ரெண்டு வருஷம் எப்படி இருந்துச்சுன்னு முதல் தடவையா சொன்னாரு. வெளியில பஸ் கிளம்புற சத்தம் கேக்கும்போதெல்லாம் மேஜைக்கு அடியில வலது கால் தானா அமுங்குமாம். அந்த இடத்துல தரை தேஞ்சுபோச்சாம், தேஞ்சத யாரும் பாத்துடக் கூடாதுன்னு அது மேல குப்பைக்கூடைய நகத்தி வச்சிருந்தாராம். இத நான் அவரு பொண்டாட்டி, பின் சீட்டுல உட்கார்ந்து, வெளிநாட்டுல, ஒரு ஆத்தங்கரையில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

திரும்பக் கொண்டு விட்டப்ப வாடகைக்காரர் டார்ச் அடிச்சு வண்டியச் சுத்தி வந்தாரு. சாமி படத்தப் பிரிச்ச இடத்துல பசை இருந்துச்சுன்னு சுத்தம் பண்ற கட்டணம். பின் கதவுல, ஜன்னலுக்குக் கீழ, பக்கத்துல பக்கத்துல ரெண்டு குழி. ஆறு, பாறை, மணல் எல்லாம் தாண்டி வந்த வண்டியில ஒரு கீறல் இல்ல, பாட்டில் தட்டின குழி மட்டும். இது எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. போன எடுத்து, "ரைட் சொன்னேன்"னு சொன்னேன். அது என்னத்த மாத்திச் சொல்லுச்சோ, அவரு காப்பீட்டுக் காகிதத்த மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சுப் பாத்துட்டு, இதுக்கு இல்லேன்னுட்டாரு. நிறுத்தி வச்ச முன்பணத்துலேருந்து பிடிச்சுக்கிட்டாங்க. ஒன்பது நாள்ல கொடுத்ததுல எனக்கு வலிக்காத காசு அது ஒண்ணுதான்.

எழுதினதத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். ஆத்துக்கு முன்னாடி வரைக்கும் நல்லாப் பயமாத்தான் இருக்கு. ஆத்துக்கு அப்புறம் பயமுறுத்துற மாதிரி தெரியல, இத உன் பொண்டாட்டி படிச்சா இன்னைக்கே பெட்டியக் கட்டிடுவா. அதனால இங்க இன்னொரு கோடு போடுறேன். மம்பட்டி வரைக்கும் காட்டிட்டு மிச்சத்த உள்ள மடிச்சு வச்சுக்கோ.

– – – – – – – –

இனிமே உனக்கு மட்டும். உன் மாமா இப்ப மகன் கார்ல மருமகளத் தானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாரு, மூணு தெருவுக்கு முக்கால் மணி நேரம், நான் பின்னாடி உட்கார்ந்து ரைட் சொல்றேன். முந்தாநாள் சாப்பிடும்போது, "உப்பு இல்ல"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிப்போயி ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டேன். அதையும் சொன்னாரு.

நீ கேட்ட மாதிரி செலவையும் கஷ்டத்தையும் எழுதிட்டேன், ஒண்ணும் பொய்யில்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன், உன் பொண்டாட்டி இருபத்தஞ்சு வருஷத்துல உன்கிட்ட வாயத் தொறந்து என்ன கேட்டிருக்கா. எனக்குத் தெரிஞ்சு, கடையில நிக்கிறதுக்கு ஒரு முக்காலி கேட்டா, அதுக்கும் நீ பழைய மருந்துப் பெட்டியக் கவுத்துப் போட்ட. வீடு வீடா மருந்து கொண்டு போயிக் கொடுக்குற ஸ்கூட்டர ஓட்டுறது அவ, பின்னாடி பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் கண்ண மூடிக்கிறது நீ. ஊர் முழுக்கத் தெரியும் இது. ஓட்டத் தெரிஞ்சவளுக்குத்தான்டா ரோடு இல்லாத இடத்துல ஓட்டிப் பாக்கணும்னு தோணும். நீ பயப்படுறது செலவுக்கு இல்ல. முன் சீட்டுல உட்கார்ந்து கண்ண மூடிக்கிட்டா அவ பாத்துடுவாளேன்னுதான். நீ பின் சீட்டுல உட்காரு, ரைட் சொல்லு. அதக் கண்ண மூடிக்கிட்டே சொல்லலாம், நான் பாதி வழி அப்படித்தான் சொன்னேன். டயருக்கும் கண்ணாடிக்கும் மட்டும் தனியாக் கட்டிடு. சாமி படத்துக்குப் பசை வேண்டாம், நூல் போதும்.

ஆண்டவன் உங்க ரெண்டு பேருக்கும் நீண்ட ஆயுளையும், உனக்குக் கொஞ்சம் தைரியத்தையும், உன் வயித்துக்கு அமைதியையும் கொடுக்கட்டும். உன் பொண்டாட்டிகிட்ட அண்ணி ரொம்ப விசாரிச்சதாச் சொல்லு, ஆனா நான் கடிதம் எழுதினதாச் சொல்லிடாத, காட்டும்போது மட்டும் காட்டு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு, கவருக்கு வெளியில எழுதுறேன்: ஒட்டிட்டேன், பிரிச்சாக் கிழிஞ்சுடும், வேற கவரும் இல்ல. உன் மாமா இதப் போட்டுட்டு வர செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு, தபால் எடுக்குற நேரத்துக்கு ஏற்கனவே நாலு நிமிஷம் லேட்டாம், ரைட் சொல்லு ரைட் சொல்லுன்னு அவசரப்படுத்துறாரு. மேல உன் விலாசத்த எழுதும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, உங்க வீட்டுக்கு எந்தத் தபால் வந்தாலும் முதல்ல வாங்கிப் பிரிச்சுப் படிக்கிறது உன் பொண்டாட்டிதான்.